மேடைக்கு முன்பே தொடங்கும் நாடகம்: பாரிஸ் ஓபரா மாளிகையைப் பார்க்கும் விதம்

ஓபரா என்றால் என்ன என்பதிலிருந்தே தொடங்கலாம். வசனத்துக்குப் பதிலாகப் பாட்டாலேயே கதையை நடத்திச் செல்லும் ஐரோப்பிய நாடகம் அது. மேடைக்கு முன்னால் ஒரு பள்ளத்தில் பெரிய வாத்தியக்குழு உட்கார்ந்திருக்கும். பாடுகிறவர்கள் மைக் இல்லாமல், அத்தனை வாத்தியங்களையும் தாண்டிக் கடைசி வரிசைக்குக் குரல் போய்ச் சேரும்படி பாடுவார்கள். 1600ஐ ஒட்டி இத்தாலியில் பிறந்த கலை. முதலில் பிரபுக்களின் அரண்மனைகளுக்குள் நடந்தது. 1637ல் வெனிஸ் நகரத்தில், காசு கொடுத்தால் யாரும் வந்து பார்க்கலாம் என்று ஓர் அரங்கத்தைத் திறந்தார்கள். அதற்குப் பிறகு ஐரோப்பா முழுக்கப் பரவியது. ஒரு நகரம் தன்னைப் பெரிய நகரமாகக் காட்டிக்கொள்ள வேண்டுமென்றால் அங்கே நல்ல ஓபரா அரங்கம் ஒன்று இருந்தாக வேண்டும் என்ற நிலை வந்தது.

அப்படிப்பட்ட அரங்கங்களில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் கட்டடக்கலையை எப்படிப் பார்த்து ரசிக்கலாம் என்று சொல்கிறேன். பாரிஸில் 1875ல் திறக்கப்பட்ட பலே கார்னியே அது. கட்டடக்கலை பற்றி ஒன்றும் தெரியாதவர்களுக்கும் இந்தக் கட்டடம் பிடிபட்டுவிடும். தூண்களின் வகைகளையும் பாணிகளின் பெயர்களையும் தெரிந்து வைத்திருக்க வேண்டியதில்லை. மனிதர்கள் ஓர் இடத்துக்குள் எப்படி வருகிறார்கள், எங்கே நின்று பேசுகிறார்கள், யாரை யார் பார்க்கிறார்கள் என்று கவனித்தாலே போதும்.

சுற்றிப் பார்க்க வருகிறவர்களில் பலர் உள்ளே நுழைந்ததும் அரங்கம் எங்கே என்று தேடிப் போகிறார்கள். சரவிளக்கைப் படம் எடுத்துவிட்டு, கூட்டத்தோடு வெளியே வந்துவிடுகிறார்கள். அரங்கம் அழகானதுதான். ஆனால் இந்தக் கட்டடத்தின் உயிர் அங்கே இல்லை, அதற்கு முன்னால் வரும் படிக்கட்டில் இருக்கிறது. ஓபரா பார்க்க வருகிறவர்கள் பாதி மேடையைப் பார்க்க வருகிறார்கள், மீதிப் பாதி ஒருவரையொருவர் பார்க்க வருகிறார்கள். கட்டியவருக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. அந்த இரண்டாவது பாதிக்காக அவர் செலவழித்த இடத்தையும் கல்லையும் பார்த்தால் வியப்பாக இருக்கும்.

குண்டுவீச்சில் தொடங்கிய கட்டடம்

1858 ஜனவரி 14 அன்று மாலை, பிரான்சின் பேரரசர் மூன்றாம் நெப்போலியனும் பேரரசி யூஜெனியும் லு பெலெத்தியே தெருவில் இருந்த பழைய ஓபராவுக்கு வந்தார்கள். குறுகலான தெரு. ஃபெலிசே ஓர்சினி என்ற இத்தாலியப் புரட்சியாளரும் அவருடைய கூட்டாளிகளும் வண்டியை நோக்கிக் குண்டுகளை வீசினார்கள். பேரரசரும் பேரரசியும் தப்பிவிட்டார்கள். சுற்றி நின்றவர்களில் எட்டுப் பேர் இறந்தார்கள், நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள். நான்கு பக்கமும் திறந்த இடத்தில், பேரரசர் பாதுகாப்பாக உள்ளே போக வழியுள்ள புதிய ஓபரா வேண்டும் என்ற முடிவு அதற்குப் பிறகு உறுதியானது. அந்த ஆண்டுகளில் ஓஸ்மான் என்ற அதிகாரி பாரிஸின் பழைய சந்துகளை இடித்து அகலமான சாலைகளைப் போட்டுக்கொண்டிருந்தார். புதிய ஓபராவுக்கும் அந்தத் திட்டத்துக்குள்ளேயே இடம் கிடைத்தது.

1860 டிசம்பரில் போட்டி அறிவித்தார்கள். 171 வடிவமைப்புகள் வந்து குவிந்தன. பெரிய பெயர் எடுத்தவர்கள் பலர் கலந்துகொண்டார்கள். அவர்களுக்கு நடுவே 35 வயது ஷார்ல் கார்னியேவும் ஒருவர். கொல்லர் ஒருவரின் மகன். ரோமில் போய்ப் படிக்க அரசுப் பரிசு பெற்றவர் என்றாலும், சொல்லிக்கொள்ளும்படி பெரிய கட்டடம் எதையும் அதுவரை கட்டியதில்லை. போட்டிக்கான வரைபடங்களில் பெயருக்குப் பதில் ஒரு வாசகத்தைத்தான் எழுத வேண்டும். கார்னியே எழுதியது ஓர் இத்தாலியக் கவிதை வரி: ஆசை நிறைய, நம்பிக்கை கொஞ்சம். முதல் சுற்றில் அவருக்கு ஐந்தாவது இடம்தான் கிடைத்தது. தேர்வானவர்களை மறுபடி வரையச் சொன்னார்கள். இரண்டாவது சுற்றில் நடுவர்கள் ஒருமனதாக அவரையே தேர்ந்தெடுத்தார்கள்.

வடிவமைப்பைப் பார்த்த பேரரசி, "இது என்ன பாணி? கிரேக்கமும் இல்லை, பதினைந்தாம் லூயி காலத்துப் பாணியும் இல்லையே" என்று கேட்டதாகவும், "அம்மா, இது மூன்றாம் நெப்போலியன் பாணி" என்று கார்னியே பதில் சொன்னதாகவும் ஒரு கதை இன்றுவரை சொல்லப்படுகிறது. சமாளிப்பதற்காகச் சொன்ன பதில் போலத் தெரியலாம். ஆனால் உண்மையும் அதுதான். பழைய பாணிகள் எல்லாவற்றிலிருந்தும் வேண்டியதை எடுத்து, அளவுக்கு மேல் அலங்கரித்து, எதையும் மறைக்காமல் காட்டும் ஒரு காலத்தின் முகம் இந்தக் கட்டடம்.

அந்தப் பேரரசர் இதன் திறப்பு விழாவைப் பார்க்கவே இல்லை. 1870ல் ஜெர்மானியப் படைகளிடம் தோற்று ஆட்சியை இழந்தார், 1873ல் இங்கிலாந்தில் இறந்தார். பாரிஸ் முற்றுகையின்போது பாதி முடிந்த ஓபரா உணவுக் கிடங்காகப் பயன்பட்டது. அப்புறம் வந்த குடியரசு ஆட்சிக்கு, ஒரு பேரரசரின் ஆடம்பரத்தைக் கட்டி முடிப்பதில் அவ்வளவு ஆர்வம் இல்லை. ஆனால் 1873 அக்டோபரில் பழைய ஓபரா எரிந்து சாம்பலானது. வேறு வழி இல்லாமல் பணம் ஒதுக்கினார்கள். 1875 ஜனவரி 5 அன்று புதிய ஓபரா திறக்கப்பட்டது.

முதலில் தூரத்தில் நில்லுங்கள்

வாசலுக்குப் போவதற்கு முன்னால் ஓபரா அவென்யூவில் கொஞ்ச தூரம் பின்னால் நடந்துபோய்த் திரும்பிப் பாருங்கள். பாரிஸின் பெரிய சாலைகளில் வரிசையாக மரங்கள் நிற்பது வழக்கம். இந்தச் சாலையில் கிடையாது. கட்டடத்தை எதுவும் மறைக்கக் கூடாது என்று கார்னியே வற்புறுத்தியதால் இங்கே மரம் நடவில்லை.

தூரத்திலிருந்து பார்க்கும்போது கட்டடம் மூன்று அடுக்காகப் பின்னோக்கி உயர்வது தெரியும். முன்னால் அகலமாக, தாழ்வாக இருப்பது வரவேற்புக் கூடங்கள் உள்ள பகுதி. அதன் பின்னால் பச்சையேறிய செப்புக் குவிமாடம் தெரிகிறதே, அதற்குக் கீழேதான் பார்வையாளர் அரங்கம். அதற்கும் பின்னால் முக்கோண முகப்போடு எல்லாவற்றையும் விட உயரமாக நிற்பது மேடைப் பகுதி. உள்ளே என்ன நடக்கிறதோ அதை வெளியிலிருந்தே படித்துவிடலாம். அலங்காரம் கூடிப்போய்விட்டது என்று இந்தக் கட்டடத்தைக் குறை சொன்னவர்கள் கூட இந்தத் தெளிவைப் பாராட்டினார்கள். பின்பக்கத்தையும் மேலிருந்து பார்க்க ஆசையிருந்தால் கலரி லஃபாயெத் கடையின் மொட்டைமாடிக்குப் போங்கள். நேர் பின்னால் இருக்கிறது, கட்டணம் இல்லை.

மேடைப் பகுதி ஏன் இவ்வளவு உயரம்? ஓபராவில் காட்சிக்குக் காட்சி பின்னணி மாற வேண்டும். கோட்டை போய்க் காடு வர வேண்டும். வரையப்பட்ட பெரிய திரைகளைச் சுருட்டாமல் அப்படியே மேலே தூக்கிவிடுவார்கள். அவை முழுசாகக் கண்ணுக்கு மறைய வேண்டுமென்றால், பார்வையாளருக்குத் தெரியும் மேடையின் உயரத்தைப் போல இன்னொரு மடங்காவது மேலே காலி இடம் வேண்டும். மேடைக்குக் கீழேயும் இயந்திரங்களுக்காகப் பல தளங்கள் இருக்கின்றன. அடித்தளத்திலிருந்து கூரை வரை கணக்கிட்டால் சுமார் 60 மீட்டர்.

இனி முகப்புக்கு அருகே வரலாம். கார்னியே இளைஞராக இருந்தபோது கிரேக்கத்தில் ஏஜினா தீவுக் கோயிலை ஆராய்ந்தவர். பழைய கிரேக்கக் கோயில்கள் வெறும் வெள்ளைக் கல்லாக நிற்கவில்லை, வண்ணம் பூசப்பட்டிருந்தன என்பதை அங்கே கண்டார். அந்த ஆசையைப் பாரிஸுக்குக் கொண்டு வந்தார். சாம்பலும் வெளிர் மஞ்சளுமாக இருந்த நகரத்தில், பல நிறக் கற்களையும் பளிங்கையும் தங்க முலாமையும் முகப்பில் சேர்த்தார். தூண்களுக்கு நடுவே தங்க நிறத்தில் ஏழு இசையமைப்பாளர்களின் மார்பளவுச் சிலைகள். மோட்சார்ட், பீத்தோவன், ரோசினி ஆகியோரை உலகம் அறியும். அவர்கள் பக்கத்திலேயே ஸ்பொன்தினி, அலெவி போன்றவர்களும் இருக்கிறார்கள். அன்றைய பாரிஸில் அவர்களும் அதே அளவு பெரிய பெயர்கள்.

தரை மட்டத்தில் வலப்பக்கம் ஒரு சிற்பக்கூட்டம் இருக்கிறது. கார்ப்போ செய்த நடனச் சிற்பம். இறக்கை விரித்த இளைஞன் ஒருவனைச் சுற்றி ஆடையில்லாத பெண்கள் கைகோத்துச் சுழல்கிறார்கள். மூச்சு வாங்குவது போல, அடுத்த நொடி கால் தடுக்கிவிடுவார்கள் போல இருக்கும். பக்கத்தில் உள்ள மற்ற சிற்பங்கள் ஒழுங்காக நிற்கும்போது இது மட்டும் அசைகிறது. 1869ல் இதைத் திறந்தபோது ஆபாசம் என்று பெரும் கூச்சல். ஆகஸ்டில் ஒரு நாள் இரவு யாரோ இதன் மேல் மையை வீசி அடித்தார்கள். எடுத்துவிட்டு வேறு வைக்கலாம் என்று முடிவும் ஆனது, அதற்குள் போர் வந்துவிட்டதால் தப்பித்தது. மூலச் சிற்பம் இப்போது ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வாசலில் நாம் பார்ப்பது போல் பெல்மொந்தோ என்ற சிற்பி செய்த பிரதி. என்னைக் கேட்டால் முகப்பு முழுவதிலும் அரை நிமிடத்துக்கு மேல் நின்று பார்க்க வேண்டியது இதைத்தான்.

மேலே உச்சியில் யாழைத் தூக்கிப் பிடித்து நிற்பவர் அப்போலோ, கிரேக்கர்களின் இசைக் கடவுள். அந்த யாழ் இடிதாங்கியாகவும் வேலை செய்கிறது.

யார் எந்த வாசலில் வந்தார்கள்

கார்னியே 1871ல் அரங்கங்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் அவர் கவலைப்படுவது தூண்களைப் பற்றியல்ல, வருகிறவர்களைப் பற்றி. நடந்து வருகிறவர் யார், வண்டியில் வருகிறவர் யார், முன்பே டிக்கெட் வைத்திருக்கிறவர் யார், இனிமேல்தான் வாங்க வேண்டியவர் யார் என்று பிரித்துப் பிரித்து யோசிக்கிறார். ஒருவர் வழியில் இன்னொருவர் முட்டக் கூடாது. கட்டடத்தின் வாசல்கள் எல்லாம் இந்த யோசனையிலிருந்து வந்தவை.

நடந்து வருகிறவர்களுக்கு முன்வாசல். கிழக்குப் பக்கம் இருக்கும் வட்ட முகப்பு, ஆண்டுச் சந்தா கட்டியவர்களுக்கானது. அவர்களுடைய குதிரை வண்டிகள் அங்கே கூரைக்குக் கீழேயே வந்து நிற்கும். மேற்குப் பக்கம் பேரரசருக்கானது. இரண்டு பக்கமிருந்தும் சரிந்து ஏறும் பாதைகள் உண்டு. அவருடைய வண்டி அதில் ஏறி நேராகக் கட்டடத்துக்குள்ளேயே போய்விடலாம், தெருவில் கால் வைக்க வேண்டியதில்லை. ஓர்சினியின் குண்டுக்குக் கல்லில் எழுதிய பதில் இது. பேரரசு விழுந்ததும் இந்தப் பகுதியின் வேலையை நிறுத்திவிட்டார்கள். செதுக்கி முடிக்காத கற்கள் உள்ளே இன்னும் அப்படியே இருக்கின்றன. இப்போது அங்கே ஓபராவின் நூலகமும் அருங்காட்சியகமும் இயங்குகின்றன.

கண்ணுக்குத் தெரியாத ஒரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அடித்தளம் தோண்டும்போது நிலத்தடி நீர் பொங்கியது. நீராவிப் பம்புகளை மாதக்கணக்கில் இரவு பகலாக ஓட்டி நீரை இறைத்தார்கள். இறைத்தாலும் அது திரும்பி வரும் என்று தெரிந்ததும், கார்னியே மேடைக்குக் கீழே இரட்டைச் சுவர்களோடு பெரிய கல் தொட்டி ஒன்றைக் கட்டி, அதை நீரால் நிரப்பிவிட்டார். உள்ளே இருக்கும் நீரின் எடை, கீழிருந்து மேலே தள்ளும் நீரின் அழுத்தத்தைத் தாங்கிக்கொள்கிறது. ஓபராவுக்குக் கீழே ஏரி இருக்கிறது, அதில் ஓர் ஆவி உலாவுகிறது என்ற புகழ்பெற்ற கதையின் விதை இந்தத் தொட்டிதான். இன்றும் அங்கே நீர் இருக்கிறது. பாரிஸ் தீயணைப்பு வீரர்கள் இருட்டில் நீந்தப் பழகுவதற்கு அதில் இறங்குகிறார்கள்.

படிக்கட்டு

இப்போது சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் மேற்குப் பக்கமாக, ஸ்க்ரீப் தெருவும் ஓபேர் தெருவும் சேரும் மூலையிலிருந்து உள்ளே போகிறார்கள். முதலில் வருவது சந்தாதாரர்களின் வட்டக்கூடம். பார்வையாளர் அரங்கத்துக்கு நேர் கீழே இருக்கிறது. கூரை தாழ்வு, தூண்கள் தடிமன், வெளிச்சம் குறைவு. மேலே நடுக்கூரையில் கொடி கொடியாகப் பின்னிய செதுக்கலை உற்றுப் பார்த்தால் எழுத்துகள் தெரியும். கார்னியேவின் முழுப் பெயரும் 1861, 1875 என்ற ஆண்டுகளும் அலங்காரத்துக்குள் மறைத்து எழுதப்பட்டிருக்கின்றன. ஓவியர் படத்தின் மூலையில் கையெழுத்துப் போடுவார் அல்லவா, கட்டடக்கலைஞர் இங்கே போட்டிருக்கிறார்.

நம் ஊர்ப் பெரிய கோயிலில் வெயிலடிக்கும் பிராகாரத்திலிருந்து மண்டபம் மண்டபமாக உள்ளே போகப் போக வெளிச்சம் குறைந்து, கடைசியில் கருவறை இருட்டில் ஒரு விளக்கு மட்டும் தெரியும். கார்னியே இதைத் தலைகீழாகச் செய்கிறார். தாழ்ந்த, மங்கலான கூடத்திலிருந்து சில அடிகள் நடந்தால், மேலே முப்பது மீட்டர் உயரத்துக்குத் திறந்த வெளிச்சமான வெளி. அதன் நடுவே படிக்கட்டு. தாழ்ந்த இடம் இல்லையென்றால் உயர்ந்த இடம் இவ்வளவு உயரமாகத் தெரியாது. அதனால் வட்டக்கூடத்தை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். அங்கே இரண்டு நிமிடம் நின்றுவிட்டுப் போனால்தான் அடுத்தது முழுசாக வேலை செய்யும்.

படிகள் வெள்ளைப் பளிங்கு. கைப்பிடி ஓனிக்ஸ் கல், அதைத் தாங்கும் சிறு தூண்கள் சிவப்பு, அடிப்பாகம் பச்சை. இவ்வளவு நிறங்களும் பல குவாரிகளிலிருந்து வந்த கற்களின் சொந்த நிறங்கள், பூச்சு இல்லை. படிக்கட்டின் தொடக்கத்தில் விளக்குக் கொத்துகளைத் தாங்கி நிற்கும் பெண் சிலைகள் உண்டு. கட்டியபோது அவற்றில் எரிந்தது எரிவாயு.

முதலில் அகலமான ஒரே வரிசையாக ஏறும் படிகள், நடுத்தளத்தில் ஓர் ஆடம்பரமான வாசலுக்கு முன்னால் இடமும் வலமுமாகப் பிரிகின்றன. இப்போது நிமிர்ந்து சுற்றிலும் பாருங்கள். ஒவ்வொரு தளத்திலும் தூண்களுக்கு நடுவே சின்னச் சின்ன மாடங்கள் படிக்கட்டை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஏன்? அங்கே நின்று பார்ப்பதற்கு எந்த மேடையும் இல்லை. பார்ப்பதற்கு இருப்பது படியேறி வருகிறவர்கள் மட்டும்தான்.

இதுதான் கார்னியேவின் பெரிய கண்டுபிடிப்பு என்று நினைக்கிறேன். நீண்ட பட்டு அங்கி படிகளில் தவழ, நகைகள் மின்ன, ஒரு பெண் ஏறி வருகிறாள். மேலே மாடங்களில் நிற்பவர்கள் அவளைப் பார்க்கிறார்கள். சிறிது நேரத்தில் அவளும் மேலே போய் அதே மாடத்தில் நின்று அடுத்து வருகிறவரைப் பார்ப்பாள். டிக்கெட் வாங்கியவர்களே நடிகர்கள், அவர்களே பார்வையாளர்கள். படிகளும் உயரம் குறைவாக, நடையை மெதுவாக்கும்படி இருக்கின்றன. நீங்களும் ஒருமுறை கீழிருந்து மேலே ஏறுங்கள், அப்புறம் மாடத்தில் நின்று மற்றவர்கள் ஏறுவதைப் பாருங்கள். இரண்டையும் செய்தால் எந்த வழிகாட்டியும் இல்லாமலே இந்தக் கட்டடம் புரிந்துவிடும்.

படிக்கட்டுக்குக் கீழே ஒரு குளத்தருகில் பித்தியா என்ற கிரேக்கக் குறிசொல்லும் பெண்ணின் வெண்கலச் சிலை இருக்கிறது. மார்செல்லோ என்ற ஆண் பெயரில் செதுக்கிய ஒரு சீமாட்டியின் படைப்பு. பெண் சிற்பிகளுக்கு இடம் கிடைப்பது அரிதாக இருந்த காலத்தில் அவர் எடுத்துக்கொண்ட பெயர் அது. பலர் கவனிக்காமலே போய்விடுகிறார்கள்.

இடைவேளைக்கான அரண்மனை

முதல் தளத்தில் முகப்பை ஒட்டி இருப்பது பெரிய ஃபோயே. இடைவேளையில் உலாவுவதற்காக மட்டுமே கட்டிய கூடம். 54 மீட்டர் நீளம், 13 மீட்டர் அகலம், 18 மீட்டர் உயரம். ஒரு பக்கம் நகரத்தைப் பார்க்கும் உயரமான சாளரங்கள், எதிரே கண்ணாடிகள். சாளர வெளிச்சம் கண்ணாடியில் பட்டுக் கூடத்தை இன்னும் பெரிதாகக் காட்டுகிறது. மேலே இசையின் கதைகளைச் சொல்லும் போல் பொத்ரியின் ஓவியங்கள்.

உள்ளே நின்றால் எல்லாமே தங்கமாகத் தெரியும், ஆனால் எல்லாம் தங்கமில்லை. கார்னியேவிடம் இருந்த பணம் கணக்கானது, போகப் போக இன்னும் சுருங்கியது. அதனால் வெளிச்சம் படும் விளிம்புகளுக்கும் மேடுகளுக்கும் மட்டும் தங்க ரேக்கு ஒட்டி, பள்ளங்களுக்கும் பின்புலத்துக்கும் காவி மஞ்சள் பூசச் சொன்னார். கண் மீதியைத் தானே தங்கமாக்கிக்கொள்கிறது. சிக்கனம் அழகுக்கு உதவிய இடம் இது. முழுசாகத் தங்கம் பூசியிருந்தால் இந்த ஆழம் வந்திருக்காது. அருகில் போய் ஒரு தூணின் அடியைப் பார்த்தால் இரண்டு நிறங்களும் பிரிந்து தெரியும்.

கல்லைப் பற்றியும் ஒரு சொல். இவ்வளவு அகலமான கூரைகளை வெறும் கல்லால் தாங்க முடியாது. உள்ளே இரும்புச் சட்டங்கள் இருக்கின்றன. அதே காலத்தில் பாரிஸில் சந்தைக் கட்டடங்களும் ரயில் நிலையங்களும் இரும்பை வெளிப்படையாகக் காட்டத் தொடங்கிவிட்டன. கார்னியே இரும்பை நம்பினார், பயன்படுத்தினார், ஆனால் காட்ட மறுத்தார். பிறகு 1887ல் ஐஃபெல் கோபுரத்தை எதிர்த்துக் கலைஞர்கள் எழுதிய கடிதத்தில் அவரும் கையெழுத்திட்டார். நீஸ் நகர வானியல் ஆய்வகத்தைக் கட்டியபோதோ அதன் குவிமாடத்தை ஐஃபெலிடமே கொடுத்திருந்தார்.

சிவப்பு அரங்கம்

கடைசியில்தான் அரங்கத்துக்கு வருகிறோம். குதிரை லாட வடிவம், சுமார் 2,000 இருக்கைகள், சிவப்பு வெல்வெட்டும் தங்கமும். இத்தனை பெரிய கட்டடத்துக்கு இது சிறிய அரங்கம் என்றே தோன்றும். தளம் தளமாகச் சுவரை ஒட்டி பாக்ஸ்கள் இருக்கின்றன. சில இருக்கைகளோடு கதவு வைத்த சின்ன அறைகள் அவை. குடும்பமாகவோ நண்பர்களாகவோ ஆண்டுக்கணக்கில் வாடகைக்கு எடுத்துக்கொள்வார்கள். லாடத்தின் இரு கைகளிலும் உள்ள பாக்ஸ்களில் உட்கார்ந்தால் மேடையைவிட எதிர்ப்பக்கத்து பாக்ஸ்தான் நேராகத் தெரியும். அது வடிவமைப்பின் குறை அல்ல. உட்கார்ந்தவர்கள் விரும்பியதும் அதையேதான்.

ஒலியைப் பொறுத்தவரை கார்னியே வெளிப்படையாகவே எழுதினார். படித்தார், விசாரித்தார், பல அரங்கங்களைப் போய்ப் பார்த்தார், உறுதியான விதி எதுவும் கிடைக்கவில்லை. அவர் காலத்தில் அந்த அறிவியல் அவ்வளவு வளர்ந்திருக்கவில்லை.

நடுவில் தொங்கும் சரவிளக்கு வெண்கலமும் படிகமும் சேர்ந்தது, எடை 7 டன்னுக்குக் குறையாது. 1896 மே 20 அன்று நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கும்போது அதைச் சமநிலைப்படுத்தும் எதிர்எடை ஒன்று அறுந்து விழுந்து, பார்வையாளர் ஒருவர் இறந்தார். விளக்கே விழுந்தது என்று பலர் சொல்வது அந்த ஆவிக் கதையில் வருவது.

விளக்கைச் சுற்றியுள்ள கூரை ஓவியம் இந்தக் கட்டடத்தைச் சேர்ந்தது போலவே இருக்காது. நீலம், பச்சை, மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மிதக்கும் உருவங்கள். 1964ல் மார்க் ஷகால் வரைந்தது. கலாச்சார அமைச்சர் அந்த்ரே மால்ரோ கேட்டுக்கொண்டதால், 77 வயதில் கூலி வாங்காமல் 200 சதுர மீட்டருக்கும் மேல் வரைந்து கொடுத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டு அரங்கத்தில் இருபதாம் நூற்றாண்டு ஓவியமா என்று பெரிய சண்டையே நடந்தது. லெனெப்வே வரைந்த பழைய ஓவியம் அழிக்கப்படவில்லை, ஷகாலின் ஓவியத்துக்குப் பின்னால் அப்படியே இருக்கிறது. இரண்டு தரப்புக்கும் நியாயம் உண்டு. ஆனால் சிவப்பும் தங்கமும் கனமாக அழுத்தும் அந்த அறையில் அண்ணாந்து பார்க்கும்போது மூச்சு விட ஓர் இடம் கிடைக்கிறது. நான் ஷகால் பக்கம்.

மேடைக்குப் பின்னால் இருந்த கூடம்

சாதாரணச் சுற்றில் காட்டாத ஓர் அறையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மேடைக்கு நேர் பின்னால் நடனப் பெண்கள் உடலைத் தயார்படுத்திக்கொள்ளும் கூடம் இருக்கிறது. பழகுவதற்கு வசதியாக அதன் தரையும் மேடையைப் போலவே சரிவானது. பணக்கார ஆண் சந்தாதாரர்களுக்கு இந்தக் கூடத்துக்குள் வரும் உரிமை இருந்தது. நடனப் பெண்களில் பலர் ஏழைக் குடும்பத்துச் சிறுமிகள். தங்களை ஆதரிக்க ஒரு பணக்காரர் கிடைப்பாரா என்பதில் அவர்களின் பிழைப்பு தொங்கிக்கொண்டிருந்தது. எட்கர் டெகாவின் ஓவியங்களில் நடனப் பெண்களுக்குப் பக்கத்தில் கறுப்பு உடையில் நிற்கும் ஆண்கள் இந்தச் சந்தாதாரர்கள்தான். அந்தப் படிக்கட்டில் ஆடம்பரமாக ஏறி வந்தவர்களும் இவர்களே. இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். சந்தாதாரர்களின் அந்த உரிமை 1930களில் ரத்தானது.

நம் பக்கத்துக்கும் இந்த நடன வரலாற்றுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1838ல் கடலூருக்குப் பக்கத்துத் திருவந்திபுரம் கோயிலைச் சேர்ந்த தேவதாசிகளின் குழு ஒன்று பாரிஸுக்கு அழைத்துவரப்பட்டு ஆடியது. பாரிஸ் முழுக்க அவர்களைப் பற்றியே பேச்சு. இந்தியக் கோயில் நடனப் பெண்ணை நாயகியாக வைத்த பாலே என்ற ஐரோப்பிய நடன நாடகங்கள் மீது ஐரோப்பாவுக்கு இருந்த மயக்கத்தில் அவர்களுக்கும் பங்குண்டு. அப்படிப்பட்ட பாலே ஒன்றான லா பயதேரை 1992ல் ருடால்ஃப் நூரியேவ் புதிதாக அமைத்தது இதே பலே கார்னியே மேடையில்தான். அதுதான் அவருடைய கடைசிப் படைப்பு. சில மாதங்களில் இறந்துவிட்டார்.

போகிறவர்களுக்கு

1989ல் பஸ்தீல் பகுதியில் புதிய, பெரிய ஓபரா அரங்கம் திறந்தது. அதன் பிறகு இங்கே அதிகமும் பாலே நடக்கிறது, ஓபராவும் உண்டு. ஓபரா என்ற பெயரிலேயே மெட்ரோ நிலையம் வாசலுக்கு எதிரில் இருக்கிறது. தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பேல் பக்கம் தங்குகிறவர்கள் நடந்தே வந்துவிடலாம், ஒரு மணி நேரம் ஆகாது. பகலில் சுற்றிப் பார்க்கலாம். ஆனால் ஒத்திகையோ மேடை வேலையோ நடக்கும் நாட்களில் அரங்கத்தைப் பூட்டிவிடுவார்கள். டிக்கெட் எடுப்பதற்கு முன் அந்த நாளில் அரங்கம் திறந்திருக்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். படிக்கட்டுக்கும் ஃபோயேவுக்கும் காலையில் முதல் ஆளாகப் போவது நல்லது, கூட்டம் சேர்ந்துவிட்டால் நிற்க இடம் கிடைக்காது.

முடிந்தால் ஒரு நிகழ்ச்சிக்கே டிக்கெட் வாங்கிவிடுங்கள். பக்கவாட்டு பாக்ஸ்களின் பின்வரிசை இருக்கைகள் விலை குறைவு. மேடை பாதிதான் தெரியும், சிலவற்றில் அதுவும் தெரியாது என்பதால் அந்த விலை. முக்கால் மணி நேரம் முன்பே போய்விடுங்கள். இடைவேளையில் இருக்கையிலேயே உட்கார்ந்துவிடாமல் ஃபோயேவில் ஒரு சுற்று நடந்துவிட்டு, படிக்கட்டைப் பார்க்கும் மாடம் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். மணி அடித்ததும் கூட்டம் முழுவதும் உங்கள் கண்ணுக்குக் கீழே படியேறித் திரும்பும்.